லைக் போட்ட கை வேலைக்கு வருமா?



மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவையினர் வந்தபோது, "அம்மா, நட்பு, காதல் இந்த மூணுல ஏதாவது ஒண்ண எழுதுடா, அதான் எல்லாரும் படிப்பாங்க" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் யோசனை சொன்னான். நல்ல யோசனைதான். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க என் கையில் இருந்த செல்போனைப் பற்றியும், ஒரு பெரியவர் கையில் இருந்த பழைய நோட்டைப் பற்றியும் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. படித்துவிட்டுத் திட்டினாலும் பரவாயில்லை, படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்!

என் ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற ரோட்டில் இருக்கிறது. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இரண்டாமாண்டு தொடங்கிய புதிதில் என் அக்காவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். "ஓ நெகட்டிவ், ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணிக்குங்க" என்று சொன்னபோது சாயங்காலம் மணி ஆறு. அத்தானுக்குக் கை கால் ஓடவில்லை. அம்மா சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு தைரியம். ஏன் தெரியுமா? என் போனில் 14 வாட்ஸ்அப் குரூப் இருந்தது! கிளாஸ் குரூப், ஊர் குரூப், கிரிக்கெட் குரூப், பத்தாவது படித்த பசங்க குரூப், ரசிகர் குரூப்... "அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. தயவுசெய்து பகிரவும்" என்று டைப் அடித்து, என் நம்பரையும் போட்டுப் பதினாலிலும் தட்டிவிட்டேன்.

பதில் வராமல் இல்லை நண்பர்களே, வந்து கொட்டியது! கும்பிடுகிற கை, அழுகிற முகம், சிவப்பு இதயம், "ஷேர் பண்ணியாச்சு மச்சி", "கடவுள் துணை இருப்பார்". துபாயில் இருக்கிற சித்தப்பா மகன் போன் பண்ணி விசாரித்தான். சேலத்திலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் ஆறுதல் சொன்னார். மணி ஒன்பது ஆயிற்று. ஆள் மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

அப்போதுதான் மாமா, "ஏண்டா, நம்ம ஹார்டுவேர்க் கடைக்காரரைக் கேட்டா என்ன?" என்றார். கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிற பெரியவர் அவர். இருபது வருஷத்துக்கு மேலாக ஒரு சேவைச் சங்கத்தில் இருக்கிறார். போனை எடுத்ததும் அவர் ஆறுதல் சொல்லவில்லை. "எந்த ஆஸ்பத்திரி? எத்தனை மணிக்குள்ள வேணும்?" என்று இரண்டே கேள்வி கேட்டார். "இருங்க, நோட்டைப் பாத்துட்டுக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். பத்து மணிக்கு, வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிற ஓர் அண்ணன் கரி படிந்த சட்டையோடு வந்து நின்றார். அடுத்த அரை மணியில் பால் வண்டி ஓட்டுகிற இன்னொருவர். இரண்டு பேரும் டீ கூட வாங்கிக்கொள்ளாமல் கிளம்பிப் போனார்கள். அக்கா பிழைத்தாள். இப்போது அந்தக் குட்டி என் ஹால் டிக்கெட்டைக் கிழிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது!

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எட்டு மாதம் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு போன். "தம்பி, ஓ நெகட்டிவ் கேட்டிருந்தீங்களே, இன்னும் வேணுமா?" என் செய்தி அதுவரை ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது! காரணம், அதில் நான் தேதி போடவில்லை. 'தேவை முடிந்தது' என்று சொல்ல யாரும் பொறுப்பில் இல்லை. இப்படிப் பழைய செய்திகள் சுற்றுவதால்தான், நிஜமாகவே இன்றைக்கு ரத்தம் தேவைப்படுகிறவன் அனுப்புகிற செய்தியையும் "இது பழசுடா" என்று தள்ளிவிடுகிறோம். யோசித்துப் பாருங்கள், அன்று என் செய்தியையும் எத்தனை பேர் அப்படித் தள்ளியிருப்பார்கள்!

ஒன்பது பேர் கூடிய கூட்டம்

நன்றி சொல்லப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். "நன்றியெல்லாம் எதுக்குப்பா, ஞாயித்துக்கிழமை எங்க கூட்டத்துக்கு வா" என்றார். இரண்டு நண்பர்களையும் இழுத்துக்கொண்டு போனேன். மொத்தம் ஒன்பது பேர் இருந்தார்கள். அதில் இளையவருக்கு வயது 52! அன்றைக்கு அவர்கள் விவாதித்த விஷயம் என்ன தெரியுமா? "இளைஞர்கள் ஏன் சங்கத்துக்கு வருவதில்லை?" அதை விவாதிக்க அங்கே ஓர் இளைஞன்கூட இல்லை, எங்கள் மூவரைத் தவிர.

"இந்தக் காலத்துப் பசங்க போன்லயே கிடக்கறாங்க. நாமளும் போன்ல போய் நின்னாத்தான் வருவாங்க" என்றார் ஒருவர். சங்கத்துக்கு ஏற்கனவே ஒரு பேஸ்புக் பக்கம் இருந்தது. திறந்து பார்த்தேன். ஒரு தையல் மெஷினைப் பன்னிரண்டு பேர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாங்குகிற அம்மா ஓரத்தில் தலை குனிந்து நிற்கிறார். அடுத்த படம் சால்வை. அதற்கடுத்ததும் சால்வை. லைக் போட்டவர்கள் அதே ஒன்பது பேர்!

சிரிக்க வேண்டாம் நண்பர்களே. இந்த மாதிரிச் சங்கங்கள் செய்த வேலையைத் தெரிந்துகொண்டு பேசுவோம். 1905-ல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரியும், 1917-ல் அதே சிகாகோவில் தொடங்கிய லயன்ஸும் இன்று உலகம் முழுக்க இருக்கின்றன. போலியோவை ஒழிப்போம் என்று ரோட்டரி 1985-ல் இறங்கியது. நம் நாட்டில் 1995-ல் பல்ஸ் போலியோ முகாம்கள் தொடங்கின. அரசு சுகாதார ஊழியர்களோடும் அங்கன்வாடி அக்காக்களோடும் சேர்ந்து இந்தச் சங்கத்துக்காரர்களும் பஸ் ஸ்டாண்டிலும் தெருமுனையிலும் உட்கார்ந்து சொட்டு மருந்து கொடுத்தார்கள். 2011 ஜனவரி 13-ல் மேற்கு வங்கத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததே இந்தியாவின் கடைசிப் போலியோ. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றே கொடுத்துவிட்டது. நம் சுண்டு விரலில் ஒரு காலத்தில் மை வைத்தார்களே, அது இந்தக் கூட்டு உழைப்பின் அடையாளம். அந்த வேலை தொடங்கிய நாளில் வாட்ஸ்அப் இல்லை, பேஸ்புக் இல்லை. வீடு வீடாக நடந்த கால்கள்தான் இருந்தன.

ரீல்ஸ் போட்டோம், என்ன நடந்தது?

சங்கத்தின் ரத்ததான முகாமுக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரு ரீல்ஸ் போட்டோம். பின்னணி இசை, ஸ்லோ மோஷன், எல்லாம் பிரமாதம். மூவாயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு ஒரே சந்தோஷம். "மூவாயிரம் பேரு வந்தா சாப்பாட்டுக்கு என்ன பண்றது?" என்று ஒருவர் கவலையே பட்டார்! முகாமுக்கு வந்தவர்கள் 11 பேர். அதில் 4 பேருக்கு 45 கிலோ எடை இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் ஹாஸ்டல் சாப்பாட்டின் மகிமை!

அடுத்த முகாமுக்கு ரீல்ஸ் எடுக்கவில்லை. ஒரு சாதாரணச் செய்தி தயாரித்தோம். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணி, யாரைப் பார்க்க வேண்டும், எதற்குள் முடியும் என்று ஐந்து வரி. குரூப்பில் தட்டிவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி அனுப்பினோம். "குமாரு, உனக்குப் பத்தே கால். சாப்பிட்டுட்டு வா. கேட்ல நான் நிப்பேன்." முதல் நாள் ராத்திரி போன் செய்து ஞாபகப்படுத்தினோம். 37 பேர் வந்தார்கள்.

இந்த இரண்டு முகாமுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் நான் சொல்ல வந்த விஷயம். சமூக ஊடகத்தைச் சங்கங்கள் தாங்கள் செய்ததைக் காட்டுவதற்குப் பயன்படுத்துகின்றன. கேட்பதற்குப் பயன்படுத்த வேண்டும். "நாங்கள் என்ன செய்தோம் பாருங்கள்" என்றால் லைக் வரும். "இந்த ஞாயிறு காலை, இந்த வேலைக்கு, நீ வேண்டும்" என்றால் ஆள் வரும்.

உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று. 2014-ல் ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்ட வீடியோக்கள் ஞாபகம் இருக்கிறதா? தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்காக நடந்தது. அமெரிக்காவில் அந்த நோய்க்கான சங்கத்துக்கு அதன் மூலம் ஏறத்தாழ 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அது ஏன் பரவியது? தண்ணீர் கொட்டிக்கொண்டவன் கடைசியில் அடுத்த ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான், 24 மணி நேரம் கெடுவும் கொடுத்தான். பெயரும் கெடுவும் இருந்ததால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

கூட்டம் சேருவது வேறு, நிலைப்பது வேறு

"2015 டிசம்பர் வெள்ளத்துல சங்கமா வந்துச்சு? நம்ம பசங்க போனை வச்சே சென்னையைக் காப்பாத்தல?" என்று என் நண்பன் சண்டைக்கு வந்தான். அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. யார் வீட்டில் இடம் இருக்கிறது, யாரிடம் படகு இருக்கிறது, எங்கே சாப்பாடு தேவை என்று முகம் தெரியாத இளைஞர்கள் இணையத்தில் பட்டியல் போட்டு உதவினார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டமும் போன் வழியே திரண்டதுதான். நம் தலைமுறைக்கு மனசு இல்லை என்று சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டுமே பதில்.

ஆனால் அடுத்த மாசம் அந்தக் கூட்டம் எங்கே போயிற்று? 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம் வந்து நம் கடலூர் மாவட்டக் கிராமங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. நாங்களும் ஒரு கிராமத்துக்குப் போனோம். "பிரட், பிஸ்கட் தேவை" என்று முதல் நாள் யாரோ போட்ட செய்தியைப் பார்த்து மூன்றாம் நாளும் வண்டி வண்டியாகப் பிரட் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு பாட்டி, "பிரட்டு போதும் ராசா, படுக்கப் பாய் இருக்கா? பொண்ணுங்களுக்குத் துணிமணி இருக்கா?" என்று கேட்டார். எங்களிடம் இருந்ததும் பிரட்தான்! முதல் நாள் செய்தியை மாற்றி எழுத அங்கே பொறுப்பாக யாரும் இல்லை. எட்டு மாதம் சுற்றிய என் ரத்தச் செய்திக்கும் இதே வியாதிதான்.

ரத்த விஷயத்தில் இது இன்னும் முக்கியம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் காசுக்கு ரத்தம் கொடுப்பது தடை. மனசு வைத்துக் கொடுக்கிறவன் மட்டும்தான் வழி. அதைச் சேர்த்தும் வைக்க முடியாது. சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாள், தட்டணுக்கள் 5 நாள், அவ்வளவுதான் தாங்கும். கொடுத்த ஆண் 90 நாள், பெண் 120 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஒரு நாள் வைரலாகி ஐநூறு பேர் வந்து நிற்பதைவிட, மாதம் தவறாமல் பத்துப் பேர் வருவதுதான் உயிர் காக்கும். 2017 அக்டோபர் 1 அன்று பேஸ்புக் நிறுவனமே இந்தியாவில் ரத்தக் கொடையாளர் பதிவு வசதியைத் தொடங்கியது. வசதி செய்வது சுலபம். பதிவு செய்தவனைக் கூப்பிட்டு, வரவழைத்து, அடுத்த தடவைக்கும் ஞாபகம் வைத்திருக்க ஒரு மனிதன் வேண்டாமா? அந்த மனிதனைத் தருவதுதான் சங்கத்தின் வேலை.

நம் பாடத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கிளேஸ் எவ்வளவு மினுமினுத்தாலும், உள்ளே இருக்கிற களிமண் சூளையில் சரியாக வேகவில்லை என்றால் பாத்திரம் ஈரம் குடிக்கும், கொஞ்ச நாளில் கிளேஸ் முழுக்கக் கோடு கோடாக வெடிப்பு விடும். சமூக ஊடகம் கிளேஸ். சங்கத்தின் வேலை சூளை. இரண்டும் வேண்டும், ஆனால் வரிசை மாறக்கூடாது!

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை, நமக்கு ஒரு வார்த்தை

சங்கத்துப் பெரியவர்களே, இந்த மலர் உங்கள் கைக்கும் வரும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று. உதவி வாங்குகிறவர் முகத்தைப் படம் போடாதீர்கள். வேலையைப் போடுங்கள், கணக்கைப் போடுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, மீதி எவ்வளவு என்று நாலு வரி போட்டால் எங்களுக்கு உங்கள் மேல் மரியாதை கூடும்.

இரண்டு. ஒவ்வொரு செய்தியிலும் தேதி, இடம், நேரம், பொறுப்பாளர் இருக்கட்டும். தேவை முடிந்ததும் 'முடிந்தது' என்று போடுங்கள்.

மூன்று. எங்களை நாற்காலி போடவும் போட்டோ எடுக்கவும் மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு முகாமை முழுசாக எங்களிடம் விடுங்கள். தப்பு செய்வோம், கூட நின்று திருத்துங்கள். ரோட்டரியே 1968-ல் ரோட்டராக்ட் தொடங்கியது, லயன்ஸுக்கு லியோ இருக்கிறது. இளைஞர்கள் தாங்களே நடத்தத்தான் அவை.

நான்கு. சந்தாவும் விருந்தும் எங்களுக்குத் தாங்காது. நம்மில் பாதிப் பேர் ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய்ப் பீஸ் கட்டுகிறவர்கள். மாணவனுக்குச் சந்தா அவன் நேரம்தான் என்று வையுங்கள். வாரா வாரம் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை ரோட்டரியே 2016-ல் தளர்த்திவிட்டது. நீங்களும் தளர்த்தலாமே!

இனி நமக்கு. "சேவை செய்யறவன் எதுக்கு விளம்பரம் பண்ணணும்?" என்று நம்மில் சிலர் கேட்கிறோம். கோயில் மணி அடிப்பது விளம்பரமா? நேரமாயிற்று வாங்க என்று கூப்பிடுவது அது. ஆனால் மணி அடித்ததும் வீட்டிலிருந்தே கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வதுதான் நம் பழக்கமாகிவிட்டது! பார்வர்டு செய்ததும் கடமை முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வருகிறதே, அதுதான் ஆபத்து. பார்வர்டு செய்யும் முன் அந்த நம்பருக்கு ஒரு போன் போட்டு, "இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். ஒரு நிமிஷம் ஆகுமா?

"எனக்கு 18 ஆகலையே" என்கிற முதலாமாண்டுத் தம்பிகளே, ரத்தம் கொடுக்கத்தான் 18 வயது வேண்டும். பெயர் எழுத, போன் பேச, கொடுத்தவருக்கு ஜூஸ் எடுத்துக் கொடுக்க வயது தேவையில்லை. நம் என்.எஸ்.எஸ். 1969-லிருந்து நாடு முழுக்க நடக்கிறது. வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை என்பது அதன் கணக்கு. நாம் ரீல்ஸ் பார்க்கிற நேரத்தை ஒரு மாதம் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டிப் பார்த்தேன், வெட்கமாகப் போய்விட்டது.

அந்த நோட்டு

கடைசியாக ஒரு விஷயம். சில மாதங்களுக்கு முன் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணில் புரை, எழுத்து சரியாகத் தெரியவில்லையாம். அந்த நீள நோட்டை என் கையில் கொடுத்தார். பெயர், ஊர், ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி என்று இருபது வருஷத்துக் கையெழுத்து. சில பெயர்களுக்கு நேரே சின்னதாக ஒரு சிலுவைக்குறி போட்டிருந்தது. "இது என்னங்க ஐயா?" என்றேன். "அவங்கள்லாம் போய்ச் சேந்துட்டாங்க தம்பி" என்றார். "புதுசா பேரு சேந்து நாலு வருஷம் ஆச்சு. என்கிட்டயே இருந்தா இது என்னோடயே போயிரும்."

அந்த வெல்டிங் பட்டறை அண்ணன் பெயரைத் தேடினேன். என் அக்காவுக்குக் கொடுத்த தேதி எதிரே இருந்தது. அதற்கு முன்பு ஒன்பது தேதிகள். அந்த ஒன்பதும் யார் வீட்டு அக்காவுக்கோ!

நோட்டில் இருந்ததை நாங்கள் மூவரும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம். ஆனால் எந்தக் குரூப்பிலும் போடவில்லை, போடவும் மாட்டோம். நம்பி நம்பர் கொடுத்தவர்களை, முக்கியமாகப் பெண்களை, ஊர் முழுக்கத் தெரியும்படி வைப்பது தப்பு. தேவை வந்தால் நாங்கள் கூப்பிடுவோம். பெரியவர் செய்ததைத்தான் செய்கிறோம், கொஞ்சம் வேகமாக.

நோட்டில் இன்னும் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம் இருக்கிறது நண்பர்களே. உங்கள் ரத்தப் பிரிவு உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் வந்து சொல்லுங்கள். தெரியாவிட்டால் அடுத்த முகாமில் தெரிந்துகொள்ளலாம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செராமிக் லேப் வாசலில்தான் இருப்பேன். தயவுசெய்து லைக் போட்டு அனுப்பாதீர்கள், நேரில் வாருங்கள்!



— இறுதியாண்டு மாணவன், செராமிக் பிரிவு, மங்கலம்பேட்டை